திட்டுக்கு மொட்டை

கரையான்சாவடியில் ஒரு ரிசப்ஷன். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் இருந்தவர் மகளுக்கு. பக்கத்து வீட்டு அக்காவும் நானும் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ என்று ஆட்டோவில் போய் இறங்கினோம். பன்னீர் தெளிக்கிற பெண்களைத் தாண்டி உள்ளே போய், சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வெளியே வந்து பார்த்தேன். மண்டபத்து மதிலோரம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து பார்த்தீனியம் பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாட்ச்மேன், தடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தார்.

“இன்னாக்கா இது, பட்டுப் பொடவையோட?”

“பூ விட்டுருச்சு ஆத்தா. இன்னம் ஒரு வாரம் விட்டா வெதையாகிப் பறந்துரும்.”

“பறந்தா பறக்கட்டும். மண்டபத்துக்காரங்க பாத்துப்பாங்க.”

“அவுக எங்கிட்டுப் பாக்க? அவுகளுக்கு லைட்டு மாட்டவே நேரம் பத்தல.”

கடைசிச் செடி வரைக்கும் பிடுங்கி, வேரெல்லாம் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார். பொண்ணு மாப்பிள்ளையோடு நாங்கள் நிற்கிற போட்டோவில் அக்காவின் நகக்கண்களில் மண் இருக்கும். அந்த வீட்டு ஆல்பத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

எங்கே போனாலும் இந்தக் கதைதான். ஆவடி ஸ்டேஷனில் பிளாட்பாரத்து வெடிப்பில் முளைத்த ஒரு முள்செடியோடு அவர் மல்லுக்கட்டியதில் அம்பத்தூர் வண்டியை விட்டிருக்கிறோம். ரேஷன் கடை வரிசையில் இவர் குனிந்தால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் போய்விடுவார்கள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, சண்டை போடாமல் கடைசியில் போய் நிற்பார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அவருக்கு ‘புடுங்கி அக்கா’ என்று பேர் வைத்திருந்தார்கள். எங்கள் மெட்ராஸ் பக்கம் அந்த வார்த்தைக்கு இருக்கிற மரியாதை தெரிந்ததுதான். ஒருநாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. நான் கூசிப்போனேன். “புடுங்குறவளப் புடுங்கின்னுதானே சொல்லணும்?” என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வாசல் பெருக்கப் போனார்.

அவர் ராமநாதபுரம் கடலோரத்துக்காரர். வீட்டுக்காரருக்கு இங்கே பாக்டரியில் வேலை. நான் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள், எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் பார்த்து ஓகே பண்ணுகிற வேலை. கல்யாணமாகி அவருக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தேன். வந்த புதுசில் நர்சரியில் ஒரு செடி வாங்கி வாசலில் வைத்தேன். மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், அத்தனை அழகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து வந்தால் தொட்டி காலி. செடி குப்பைத்தொட்டியில் கிடந்தது.

“அக்கா, அது காசு குட்த்து வாங்கினதுக்கா.”

“உண்ணிச்செடிய ஆராச்சும் காசு குடுத்து வாங்குவாகளா? காட்டைத் திங்கிற சனியன் ஆத்தா அது.”

“எங்க வூட்டுத் தொட்டில இன்னா காடு கீது?”

அக்கா காலித் தொட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு போய்த் தன் வாசலிலிருந்த கறிவேப்பிலைக் கன்றைக் கொண்டுவந்து என் தொட்டியில் நட்டுவிட்டுப் போனார். ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. நான் பேசவில்லை என்பதையே அவர் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கறிவேப்பிலைக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேனா என்று மட்டும் தினமும் எட்டிப் பார்த்தார்.

எனக்குத் தைராய்டு வந்து, டாக்டர் நடக்கச் சொன்னதால் இரண்டு பேரும் கோவில்பதாகைப் பக்கத்து ஏரிக்கரையில் காலையில் நடக்க ஆரம்பித்தோம். அந்த ஏரியின் நடுவில் ஒரு திட்டு. எப்போதோ தூர்வாரினவர்கள் கரைக்குக் கொண்டுபோகச் சோம்பல்பட்டுக் கொட்டிய மண். சரளையும் ஓட்டாஞ்சில்லுமாக மொட்டையாகக் கிடக்கும். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாளே அக்கா அங்கே நின்றுவிட்டார். தண்ணீர்மேல் ஒரு வெள்ளைப் பறவை பறந்துகொண்டிருந்தது. தலையில் கறுப்புக் குல்லா, மஞ்சள் மூக்கு, வால் இரண்டாகப் பிளந்திருக்கும். நடுவானில் நின்று சிறகடித்துவிட்டுத் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது.

“ஆலா” என்றார். “எங்கூரு கடல் ஆலாவோட ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கு. இதுக இங்கிட்டும் வருதா?”

அன்றைக்கு நடையும் இல்லை ஒன்றும் இல்லை. கரைக் கல்லில் உட்கார்ந்து ஊர்க்கதை சொன்னார். அவருடைய அம்மா கடலில் பாசி எடுக்கிறவர். சின்ன வயதில் அம்மாவோடு வள்ளத்தில் ஒரு தீவுக்குப் போவாராம். வெறும் மணல் தீவு. கோடையில் கால் வைக்க இடமில்லாமல் ஆலா முட்டையாகக் கிடக்கும், கூடு கட்டாது, மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். முட்டையும் கல்லும் ஒரே நிறம் என்பதால் தரையைப் பார்த்துத்தான் நடக்கவேண்டும். பாசி எடுக்கப் போகிறவர்களுக்கு அங்கே கஞ்சி காய்ச்ச விறகில்லை. சீமைக்கருவை சும்மாவே வளருமே என்று ஊர்க்காரர்கள் விதையைக் கொண்டுபோய்த் தூவினார்கள்.

“எங்க ஐயாவும் ஒரு பை நெத்து கொண்டு போனாக. நானும் கூடப் போயி எறைச்சேன். வெளாட்டு மாதிரி இருந்துச்சு. எனக்குக் கல்யாணமாகையில தீவு பூராம் கருவை. வெறகு கெடைச்சுச்சு, ஆலா போயிருச்சு. வெட்டவெளியிலதான் அது முட்டை போடும். நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியணும், இல்லைன்னா வராது.”

கல்யாண மண்டபத்து மதிலும் ரயில்வே பிளாட்பாரமும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கின. இதெல்லாம் தெரிந்திருந்தால் அந்தத் தொட்டிச் செடிக்காக அவ்வளவு முகத்தைத் தூக்கியிருக்க மாட்டேன்.

திட்டும் அந்த வருஷ மழைக்குப் பிறகு பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. நாங்கள் வேலிகாத்தான் என்று சொல்கிற அதே சீமைக்கருவைக் கன்றுகள், தண்ணீர் ஓரம் ஊதாப் பூ பூக்கிற காட்டாமணக்கு. மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்கினால் வேரோடு வரும், காய்ந்தால் கடப்பாரைதான் என்று அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏரியில் வலை போடுகிறவர் ஒருவர் லாரி டியூப்களின்மேல் பலகை கட்டித் தெப்பம் வைத்திருந்தார். அவர் மனைவி தேசம்மா கரையில் ஜிலேபி மீன் விற்பாள். அவள் அம்மா காலத்தில் ஏரிப் பாசன வயலில் நாற்று நட்ட குடும்பம். வயலெல்லாம் பிளாட்டாகிப் போனதில் காலையில் மீன், பத்து மணிக்குமேல் அப்பார்ட்மென்டில் வீட்டு வேலை என்று ஆகியிருந்தது.

அக்கா அவளிடம் போய், “ஒன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் தெப்பத்துல கொண்டு விடச் சொல்லு தேசம்மா. திட்டுக்கு மொட்டை போடணும்” என்றார்.

“திட்டுல மொட்டையா?”

“ஆமா, தை முடியிறதுக்குள்ள போட்டாத்தான் நல்லது.”

தேசம்மா மரியாதையாகத் தலையாட்டினாள். அக்கா சொன்னது திட்டுக்கு. அவள் கேட்டது திட்டில். ஒரு உருபு மாறினால் என்ன குடியா முழுகிவிடும் என்று நினைக்கலாம். நாங்கள் போய் ஒரு காலை முழுக்கப் பிடுங்கிவிட்டு வந்தோம். என் கை கொப்புளித்துப்போனது. எங்கே போனாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, திட்டுக்கு என்றேன். யாரைத் திட்டுறதுக்கு என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மிச்சத்தைப் பிடுங்கப் போனால், திட்டில் ஒரு குடும்பமே நிற்கிறது. அப்பா, அம்மா, கையில் ஒரு கைக்குழந்தை, கூடவே கத்தி கிண்ணத்தோடு முடிவெட்டுகிறவர்.

“இங்க எதுக்கு வந்தீக?” என்று அக்கா கேட்டார்.

“நீங்கதான் சொன்னீங்களாமே. திட்டுல மொட்ட போட்டா நல்லதுன்னு தேசம்மா சொல்லிச்சி. கொயந்த பாலே குடிக்க மாட்டேங்குது” என்றாள் அந்த அம்மா.

அக்கா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் குழந்தையின் அப்பா, உட்கார இடம் பண்ணுவதற்காக ஒரு வேலிகாத்தான் கன்றைப் பிடித்து இழுத்தார். வேரோடு வந்தது. பக்கத்தில் இன்னொன்றையும் இழுத்தார். அந்த அம்மாவும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே ஒரு கையால் காட்டாமணக்கைப் பிடுங்கிப் போட்டாள். அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது, “சொல்லிருக்கலாமேக்கா” என்றேன்.

“சொல்லிருக்கலாம். சொன்னா நாளைக்கு வருவாகளா?”

அந்தக் குழந்தை பால் குடித்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த தை மாதம் ஏழெட்டுக் குடும்பம் வந்தது. அதற்கடுத்த வருஷம் தெப்பத்துக்கு வரிசை. முதலில் திட்டுக்கு ஒரு கை பிடுங்கவேண்டும், அப்புறம்தான் பிள்ளைக்கு முடி இறக்கவேண்டும் என்று அக்கா ஒரு விதியும் போட்டுவிட்டார். மாசி பிறந்தால் யாரும் திட்டு ஏறக்கூடாது என்பது இரண்டாவது விதி. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, சாமி காரியத்தில் ஏன் என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் ஏது? யார் வாயிலிருந்து முதலில் வந்ததோ, திட்டு அம்மன் என்று பேரும் வந்துவிட்டது. பங்குனியில் திட்டு வழுக்கைத் தலையாகக் கிடக்கும். ஆலாக்கள் இறங்கும். வெயில் ஏற ஏற, தாய்ப்பறவை தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவதைக் கரையிலிருந்து பார்ப்போம். அக்கா அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல மனுஷியாக இருப்பார் தெரியுமா. கரையோரப் பார்த்தீனியத்தைக்கூட மறந்துவிடுவார்.

ஒரு தை மாதம் அக்கா இங்கே இல்லை. ஊரில் அவர் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். சித்திரையில் காரியமெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி வந்து, முதல் வேலையாக ஏரிக்கரைக்குப் போனோம். திட்டின் உச்சியில் ஒரு வேப்பங்கன்று நின்றது. அடியில் மஞ்சள் துணி.

தேசம்மா வைத்தது. அந்த மார்கழியில் அவள் ஒரே பெண்ணுக்கு டெங்கு. ரத்தத்தில் அணு குறைந்துகொண்டே போய், ஆஸ்பத்திரியில் கையை விரிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. தேசம்மா ஏரிக்கரைக்கு ஓடி, திட்டைப் பார்த்துக் கும்பிட்டு, என் பொண்ணை எழுப்பிக் கொடு, உனக்கு நிழல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். பெண் எழுந்துவிட்டாள். அம்மன் வெயிலில் கிடந்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும். மொட்டையாகக் கிடந்ததுதான் அந்த இடத்துக்கு உயிர் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த தையில் நாங்கள் திட்டுக்குப் போனபோது கன்று இடுப்பு உயரம். அக்காவின் கை வழக்கம்போல அதன் அடித்தண்டுக்குப் போனது. போய் நின்றுவிட்டது. அந்தக் கை ஒரு செடியைப் பிடித்துவிட்டுப் பிடுங்காமல் திரும்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேம்பு வளர்ந்தது. அம்மன் காலடியில் கை வைக்கக் கூடாது என்று அதைச் சுற்றி யாரும் களை எடுக்கவில்லை, காட்டாமணக்கு புதராகிவிட்டது. மரம் ஆள் உயரம் வந்ததும் காக்கைகளுக்கு உட்கார இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் திட்டு முழுக்கத் தெரியும். அந்தச் சித்திரையில் ஆலாக்கள் கூச்சல் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பறந்தன, காக்கைகள் ஒவ்வொரு முட்டையாக எடுத்துக்கொண்டு போயின. அக்கா கரையிலேயே உட்கார்ந்து அத்தனையும் பார்த்தார். வைகாசி பிறப்பதற்குள் ஒரு ஆலா இல்லை.

“ரெண்டாந்தடவை ஆத்தா. இதுவும் என்னாலதான்” என்றார்.

அவர் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். யாருக்கும் தெரியாமல் வேரில் இரண்டு குடம் வெந்நீர் ஊற்றிவிட்டால் தானாகப் பட்டுப்போகும் என்று யோசனை சொன்னார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அக்கா கேட்கவில்லை. அவள் நம்பி வைத்ததைத் திருடி மாதிரிப் போய் எடுக்க மாட்டேன், கேட்டுத்தான் எடுப்பேன் என்றுவிட்டார். தையில் ஒரு காலை, என்னையும் கூட்டிக்கொண்டு தேசம்மா கடைக்குப் போனார்.

“தேசம்மா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுக்கா. மீன் வோணுமா?”

“மீனில்ல. அந்தத் திட்டுல சாமி கெடையாது.”

தேசம்மா செதில் தேய்த்துக்கொண்டே, “இன்னாக்கா சொல்றே?” என்றாள்.

“செடி புடுங்குறதத்தான் மொட்டைன்னு சொன்னேன். திட்டுக்கு மொட்டைன்னேன், நீ திட்டுல மொட்டைன்னு நெனைச்சுட்ட. நாலு பேரு வந்து புடுங்குறாகளேன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். அந்த ஆலாவுக்கு வெறுந்தரை வேணும். ஒன் மரத்துல காக்கா ஒக்காந்து முட்டையெல்லாம் தூக்கிருச்சு. மரத்தை எடுக்கணும். ஒன்னையக் கேக்காம எடுக்க மனசில்ல.”

தேசம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “என் பொண்ணு சாவக் கெடந்தா. நான் எங்க போய் வேண்டிகினேன்? அங்கதான். எழுந்து வந்தா இல்ல? அது பொய்யா?”

“அது நெசம்.”

“சாமி இல்லாம எப்டி எழுந்தா?”

தேசம்மா கத்தியை மறுபடி கையில் எடுத்தாள்.

“எழுந்து போக்கா. யாவார நேரம்” என்றாள் தேசம்மா.

அதற்குப் பிறகு சில நாள் அக்கா சாப்பிட்டதாகவே எனக்குத் தெரியவில்லை. ஊர் முழுக்க இவரைப் பொய்க்காரி என்று சொல்லப்போகிறார்கள் என்று நான் பயந்தேன். தேசம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு மத்தியானம் மகளையும் கூட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை, வாசலிலேயே நின்று பேசினாள்.

“நீ இல்லன்னு சொன்னா சாமி இல்லாம பூடுமா? அத வுடு. நான் யோசன பண்ணிப் பாத்தேன். சாமி மொதல்லேர்ந்து கேட்டது மொட்ட. மரம் கேக்கல, அது நானா வச்சது. எடுத்துக்கலாம்.”

அக்கா என்னவோ சொல்ல வந்தார். தேசம்மா விடவில்லை. “இரு. ஒன் பேச்ச நம்பிகினு எத்தினி கொயந்தைங்க முடி குட்த்துச்சி? நீ குட்த்தியா?”

“இல்ல.”

“குடு. அப்பால மரத்த எடு.”

அக்காவுக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். ஞாயிற்றுக்கிழமை தேங்காயெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு வெயிலில் உலர்த்துவது ஒன்றுதான் அவர் தனக்கென்று செய்துகொள்கிற காரியம். அதோடு பங்குனியில் ஊரில் தம்பி மகள் கல்யாணம், இவர்தான் அத்தை, முன்னால் நின்று எல்லாம் செய்யவேண்டியவர். கல்யாணம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளேன் என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். பங்குனிக்குள் ஆலா வந்துவிடும் என்றார் அக்கா. பேச்சு அதோடு முடிந்தது.

தை கடைசி ஞாயிறு தெப்பத்தில் போனோம். அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். முடிவெட்டுகிறவரின் கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போகப் போக, முடி கற்றை கற்றையாகச் சரளையில் விழுந்தது. அவர் அழவில்லை. நான்தான் அழுதேன், எனக்குத் தேசம்மா மேல் அப்படி ஒரு கோபம். அவளும் பார்க்க முடியாமல் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முடிந்ததும் அக்கா ஒரு மயிர் விடாமல் பொறுக்கிப் பைக்குள் போட்டார், திட்டில் எதுவும் கிடக்கக் கூடாதாம். தேசம்மா மஞ்சள் துணியை அவிழ்த்து மகள் கையில் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் மண்ணோடு தோண்டி எடுத்த மரத்தை அக்கா மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தெப்பத்தில் வந்தார். கரையில், மீன் கடைக்குப் பக்கத்தில் நட்டோம்.

ஊர்க் கல்யாணத்தில் அக்கா முக்காடு போடவில்லையாம். எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டவர்களுக்கெல்லாம், ஆவடிப் பக்கம் திட்டு அம்மன் என்று சொன்னாராம். இதைச் சொல்லிச் சொல்லி அவர் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் ரிட்டையர் ஆனதும் இரண்டு பேரும் ஊருக்கே போய்விட்டார்கள். தையில் மறக்காமல் எனக்குப் போன் வரும். பிடுங்கியாச்சா என்று கேட்டபிறகுதான் நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பார். நானும் போய்ப் பிடுங்குகிறேன், வேறு வழி?

மொட்டை போட்ட அந்த வருஷம், சித்திரையில் ஒரு காலை. நானும் அக்காவும் கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். நட்ட வேம்பு இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. பிழைக்குமா என்று சொல்ல முடியவில்லை. திட்டில் ஆலாக்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து இறங்க, முட்டைமேல் இருந்த இன்னொன்று எழுந்து இடம் விட்டது. மரம் எடுத்த நாளுக்குப் பிறகு தேசம்மா எங்களோடு பேசியிருக்கவில்லை. அன்றைக்கு மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வேம்புக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நேரம் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எங்கள் பின்னால் வந்தாள். அக்காவின் தலையில் முடி அப்போதுதான் ஒரு விரற்கடை எழும்பியிருந்தது. தேசம்மா ஈரக் கையை அதன்மேல் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

“மொளச்சிகினு வருதேக்கா. புடுங்கிடட்டா?”

அக்கா தலையைக் குனிந்து கொடுத்தார்.